பெயரும் பீப்பாயும்

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக உடன்படிக்கையில், பாலாற்றங்கரையில் வாழ்கிறவர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க இரண்டு பண்டங்கள் இடம்பெற்றிருக்கின்றன. ஒன்று, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பதனிட்டும் தைத்தும் கப்பலேற்றப்படும் தோலும் காலணியும். அவை பிரிட்டிஷ் துறைமுகங்களில் சுங்கத் தீர்வையின்றி இறங்க அந்த உடன்படிக்கை வழி செய்கிறது. மற்றொன்று ஸ்காட்லாந்து தேசத்து விஸ்கி. அதன்மீது நாம் விதித்துவந்த 150 சதவீதத் தீர்வையை முதலில் 75 சதவீதமாகவும், பத்தாண்டுகளுக்குள் 40 சதவீதமாகவும் குறைக்க நம் சர்க்கார் இசைந்திருக்கிறது.

ஒரே உடன்படிக்கையில் அடுத்தடுத்து நின்றாலும், இவ்விரு பண்டங்களுக்கும் இடையே பெரியதொரு வேற்றுமை உண்டு. அங்கிருந்து வரும் உயர்தர விஸ்கிப் புட்டியொன்றை எடுத்துப் பார்த்தால், அது எந்தப் பள்ளத்தாக்கில், எந்த வடிசாலையில், எந்த வருஷம் வடிக்கப்பட்டது, எவ்வகைப் பீப்பாயில் எத்தனை ஆண்டு கிடந்தது என்னும் விருத்தாந்தமெல்லாம் அதன் மேலொட்டிய காகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இங்கிருந்து போகும் பாதரட்சையை எடுத்துப் பார்த்தால், வாங்கும் அயல்நாட்டுக் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று தெரியுமே தவிர, அந்தத் தோலைப் பதனிட்ட ஊரின் பெயரையோ, தைத்த தொழிற்சாலையின் பெயரையோ பெரும்பாலும் காண முடியாது. ஒரு காலத்தில் ஸ்காட்லாந்தின் வடிசாலைகளும் இப்படியே பெயரற்றுக் கிடந்தவைதாம் என்பதும், அவை பெயர் பெற்று எழுந்ததில் பிறர் வடித்ததை வாங்கி விற்ற சில சிறு வியாபாரிகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

மதுபானத்தைப் புகழ்ந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கிவைத்த மாகாணம் இது; அவ்விலக்கு 1948-ல் மாகாணம் முழுவதற்கும் விரிந்து, 1971-ல் தளர்ந்தது; குடியினால் குலைந்த குடும்பங்களின் துயரத்தை நாம் நாள்தோறும் கண்ணாரக் காண்கிறோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்த முஸ்லிம் குடும்பங்களோ, மதுவை மார்க்கத்தின் கட்டளையாலேயே விலக்கியவர்கள். ஆயினும், ஒரு பண்டத்தை நுகராமலே அதைச் செய்யும் தொழிலின் ஒழுங்கைக் கற்றுக்கொள்ள முடியும். அப்படிக் கற்பதற்கு ஏற்ற ஒழுங்கு இத்தொழிலில் நிரம்ப இருக்கிறது.

சிங்கிள் மால்ட் என்று வழங்கும் விஸ்கிக்கு மூலப்பொருள்கள் மூன்றே: பார்லி, தண்ணீர், ஈஸ்ட். பார்லியை ஊறவைத்து முளைகட்டச் செய்து, முளை நீளுமுன்பே சூட்டில் உலர்த்திவிடுகிறார்கள். சில இடங்களில் சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்னும் புல்கரியை எரித்து அந்தப் புகையிலேயே உலர்த்துவதால், தானியத்தில் ஏறிய புகைமணம் கடைசிவரை நீங்குவதில்லை. பின்னர் அதை நொய்யாக அரைத்து வெந்நீரில் கரைத்து, இனிப்பேறிய அந்த நீரை வடித்தெடுத்து, ஈஸ்ட் சேர்த்து இரண்டு மூன்று நாள் நொதிக்கவிட்டு, பானை வடிவான செம்பு வாலைகளில் பெரும்பாலும் இருமுறை காய்ச்சி வடிக்கிறார்கள். ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, இவ்விதம் வாலையில் வடித்ததற்கே சிங்கிள் மால்ட் என்று பெயர். அது ஸ்காட்ச் என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால், ஸ்காட்லாந்திலேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், குறைந்தது மூன்று வருஷம் கிடந்திருக்க வேண்டும். 2012 முதல் அந்நாட்டிலேயே புட்டியில் அடைபட்டிருக்கவும் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

வாலையிலிருந்து இறங்கும்போது அந்தச் சாராயம் பச்சைத் தண்ணீர்போல நிறமற்றிருக்கிறது. நிறமும் மணமும் பக்குவமும் பெரும்பாலும் பீப்பாயிலிருந்தே அதற்கு வந்து சேர்கின்றன. அமெரிக்காவில் போர்பன் விஸ்கிக்கு உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயே வேண்டும் என்று சட்டம் இருப்பதனால், அங்கே ஒருமுறை பயன்பட்ட சுமார் 200 லிட்டர்ப் பீப்பாய்கள் ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. ஸ்பெயின் தேசத்து ஷெர்ரி திராட்சை மதுவைத் தாங்கிய 500 லிட்டர்ப் பெரும் பீப்பாய்களும் வருகின்றன. அந்த மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புச் சத்து சாராயத்தில் மெல்ல மெல்ல இறங்குகிறது. இந்தத் துவர்ப்பு நம் வட்டாரத்துக்கு அந்நியமானதன்று. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் நீங்கிய தோலை, முதலில் பழகிய இலேசான பட்டைநீரிலும், பிறகு படிப்படியாக வீரியம் மிகுந்த நீரிலும் தோய்த்துவைத்து, கடைசியில் கடுக்காய் நீர் காட்டி, எண்ணெய் தடவி நிழலில் உலர்த்தும் பழைய தோல் ஷாப்புகளில், ஆவாரம்பட்டை தோலுக்குக் கொடுத்ததும் அதே துவர்ப்புத்தான். ஆங்கில நாட்டில் தோல் பதனிட்டவர்கள் ஓக் மரப் பட்டையையே அதற்குப் பயன்படுத்தினார்கள். அழிந்துபோகக்கூடிய ஒன்றை மரத்தின் சாரத்தாலும் காலத்தின் பொறுமையாலும் நிலைபெறச் செய்யும் வித்தை, தோல் ஷாப்புக்கும் விஸ்கிக் கிடங்குக்கும் பொதுவானது.

இனி, பெயரின் கதைக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் லிவெட் என்னும் ஆறு ஓடும் கிளென்லிவெட் பள்ளத்தாக்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கள்ளச் சாராயத்துக்குப் பேர்போனது. 1823-ல் பிரிட்டிஷ் சர்க்கார் தீர்வையைக் குறைத்து, வருஷத்துக்குப் பத்துப் பவுன் கட்டினால் எவரும் முறைப்படி வடிக்கலாம் என்று சட்டம் செய்தபோது, அடுத்த ஆண்டே ஜார்ஜ் ஸ்மித் என்ற குடியானவர் அந்தப் பள்ளத்தாக்கில் முதல் ஆளாக லைசென்ஸ் பெற்றார். கள்ளத்தனமாக வடித்துவந்த அண்டை அயலார் அதைத் துரோகமாகக் கருதி, அவருடைய வடிசாலையைக் கொளுத்திவிடுவதாக மிரட்டவே, அயலூர் நிலப்பிரபு ஒருவர் கொடுத்த இரு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டே அவர் தொழிலை நடத்திவந்தார். அவருடைய சரக்கின் கீர்த்தி ஓங்கியதும், அந்தப் பள்ளத்தாக்குக்கு வெகுதூரத்தில் இருந்த வடிசாலைகளெல்லாம் கிளென்லிவெட் என்று பெயர் சூட்டிக்கொள்ளத் தலைப்பட்டன. ஜார்ஜ் ஸ்மித்தின் மகனான ஜான் கார்டன் ஸ்மித் நியாயஸ்தலத்தை நாடி, 1884-ல் ஒரு முடிவு பெற்றார்: தனித்து ‘தி கிளென்லிவெட்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவர் வடிசாலை ஒன்றுக்கே, மற்றவை தத்தம் ஊர்ப் பெயரோடு அதை ஒட்டாக மட்டுமே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வடிசாலை பெயரைக் காத்துக்கொண்டது. ஆனால் பெரும்பான்மையான வடிசாலைகளின் பெயர்கள் அதே காலத்தில் மறைந்துகொண்டிருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, பல வடிசாலைகளின் மால்ட்டையும் மலிவான தானியச் சாராயத்தையும் கலந்து, எக்காலத்தும் ஒரே சுவையுள்ள கலப்பு விஸ்கியாக விற்கும் முறை வலுத்தது. அதைச் செய்த ஜானி வாக்கர், சிவாஸ் முதலிய பெயர்களெல்லாம் மளிகைக் கடைக்காரர்களின் பெயர்கள். உலகமெங்கும் புகழ்பெற்றவை இந்தக் கடைகளின் பெயர்களே. தண்ணீரும் பார்லியும் வாலையும் உழைப்பும் கொடுத்த வடிசாலைகளோ, கலப்பவரின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இடம்பெற்று, குடிப்பவர் காதுக்கு எட்டாமல் போயின.

அந்தப் பெயர்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள், இண்டிபெண்டன்ட் பாட்லர் என்று அத்தொழிலில் வழங்கும் வியாபாரிகள். இவர்களிற் பெரும்பாலாருக்குச் சொந்த வாலை கிடையாது. வடிசாலையிடம் சாராயத்தைப் பீப்பாய்க் கணக்கில் வாங்கி, கிடங்கில் பொறுமையோடு வைத்திருந்து, பக்குவம் வந்ததென்று தம் நாவுக்குத் தோன்றும் நாளில் தாமே புட்டியில் அடைத்து விற்பார்கள். 1842-ல் ஆபர்டீன் நகரத்தில் தொடங்கிய கேடன்ஹெட் ஸ்தாபனமும், 1895-ல் எல்ஜின் நகரத்தில் மளிகைக் கடையாகத் தோன்றிய கார்டன் அண்ட் மக்ஃபெயில் ஸ்தாபனமும் இவர்களில் மூத்தவை. அந்த எல்ஜின் கடையில், அது திறந்த வருஷமே தொழில் கற்கும் பையனாகச் சேர்ந்த ஜான் அர்கார்ட் என்பவர் பின்னால் அதன் உரிமையாளராகி, நல்ல பீப்பாய்களைத் தாமே தேர்ந்து, வடிசாலைகளுக்கு அனுப்பிப் புதுச் சாராயம் நிரப்பிவரச் செய்யும் வழக்கத்தை வளர்த்தார். அவருடைய குமாரர் ஜார்ஜ் அர்கார்ட் 1968-ல் ‘கானசர்ஸ் சாய்ஸ்’ என்னும் வரிசையைத் தொடங்கி, அதுவரை கலப்பில் கரைந்துபோயிருந்த வடிசாலைகளின் மால்ட்டுகளைத் தனித்தனியே, அவற்றின் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார்.

அத்தகைய புட்டி ஒன்றின் மேலொட்டியை நிதானமாகப் படித்துப் பார்ப்போம். முதலில் வடிசாலையின் பெயர். அதன்கீழ் அது இருக்கும் பிரதேசம். வாலையிலிருந்து இறங்கிப் பீப்பாயில் புகுந்த தேதி. புட்டியில் அடைத்த தேதி. பீப்பாயின் ஜாதியும் இலக்கமும். அந்த ஒரு பீப்பாயிலிருந்து எத்தனை புட்டி கிடைத்தது என்ற கணக்கு. தண்ணீர் கலக்காமல் அடைத்திருந்தால் அந்தச் செய்தி. எல்லாவற்றுக்கும் பிறகே விற்பவரின் பெயர். இந்த முறை எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்குத் திருஷ்டாந்தம் ஒன்று: அர்கார்ட் குடும்பத்துத் தந்தையும் மகனும், யுத்தம் மூண்டிருந்த 1940-ஆம் வருஷம் பிப்ரவரி 3 அன்று கிளென்லிவெட் வடிசாலையில் நிரப்பச் செய்த 340-ஆம் இலக்கப் பீப்பாய், இருவரும் காலமான பிறகும் காத்திருந்து, 2020 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எண்பது வருஷம் கழித்தும் அதில் மதுசாரம் 44.9 சதவீதம் இருந்தது. 250 கண்ணாடிக் குடுவைகளே அதிலிருந்து வெளிவந்தன. தன் ஆயுளில் பயன் காணமாட்டோம் என்று தெரிந்தே ஒரு வியாபாரி பொருள் சேர்த்துவைப்பது, பேரனுக்காகப் புளியங்கன்று நடுகிற நம் ஊர்க் குடியானவரின் தர்மத்தைச் சேர்ந்தது.

இந்தத் தொழிலில் பெயருக்கு எவ்வளவு மதிப்பு உண்டென்பதை வேறொரு வழக்கமும் உணர்த்துகிறது. தன் பெயரைப் பிறர் பயன்படுத்துவதை விரும்பாத வடிசாலை, பீப்பாயை விற்கும்போது, அதில் மற்றொரு வடிசாலையின் மால்ட்டை ஒரு தேக்கரண்டி அளவு சேர்த்துவிடும். அந்தத் துளி விழுந்த கணமே அது சட்டப்படி சிங்கிள் மால்ட் அல்லாததாகிவிடுகிறபடியால், வாங்கியவர் அந்த வடிசாலையின் பெயரில் அதை விற்க முடியாது. 1983-ல் எடின்பரோவின் லீத் துறைமுகத்தில் தோன்றிய ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொஸைட்டியோ, வடிசாலையின் பெயருக்குப் பதிலாக ஓர் இலக்கத்தை மட்டும் புட்டியில் பொறிக்கிறது. ரசிகர்கள் அந்த இலக்கத்தைக் கொண்டே பெயரை அறிந்துகொள்கிறார்கள். மறைக்கிறவரும் தேடுகிறவரும் பெயரை ஒரு சொத்தாகவே மதிக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு. இந்தியாவில் விஸ்கி என்று விற்பனையாவதில் பெரும்பகுதிக்கு ஆதாரம், கரும்பாலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு. ஆம்பூருக்கு அருகே வடபுதுப்பட்டிலும், திருவலத்தை அடுத்த அம்முண்டியிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அந்தப் பாகின் வாசனை புதிதன்று. அதிலிருந்து வடித்த சாராயத்தை ஐரோப்பியச் சட்டம் விஸ்கி என்று ஒப்புவதில்லை. தானியத்திலிருந்து வடித்ததே விஸ்கி என்பது அங்குள்ள நியதி. அந்த நியதிக்கு உட்பட்டு நின்று உலகத்தின் மதிப்பைப் பெற்ற முதல் இந்திய ஸ்தாபனம், ஆம்பூரிலிருந்து நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணத்தில் உள்ள பெங்களூரின் அம்ருத் வடிசாலை.

1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாளே தொடங்கிய அந்த ஸ்தாபனம், நெடுங்காலம் சாதாரண மதுவகைகளையே செய்துவந்தது. அவருடைய புதல்வர் நீலகண்ட ராவ் ஜக்தாளே, வடஇந்திய பார்லியிலிருந்து மால்ட் வடிக்கும் முயற்சியை வளர்த்தார். முதலில் அதுவும் கலப்புக்கே போயிற்று. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் படித்துக்கொண்டிருந்த பேரர் ரக்ஷித், இந்திய சிங்கிள் மால்ட்டைப் பிரிட்டனில் விற்க இயலுமா என்பதையே தம் ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். 2004 ஆகஸ்டில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே, அம்ருத் சிங்கிள் மால்ட் முதன்முதலாக வெளியிடப்பட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்கத் துணிந்த அந்தக் காரியம் வீண்போகவில்லை. இந்திய பார்லியும் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்த அம்ருத் ஃப்யூஷனை, ஜிம் மர்ரே என்ற விமரிசகர் தம் 2010-ஆம் வருஷத்து விஸ்கி நூலில் உலகத்தின் மூன்றாவது சிறந்த விஸ்கியாகக் குறிப்பிட்டார்.

ஸ்காட்லாந்து மால்ட்டுகளைத் தேடித்தேடி அடைத்துவந்த பிரிட்டிஷ் வியாபாரிகள், அதன்பின் இந்தியப் பீப்பாய்களையும் நாடலாயினர். 1995-ல் தோன்றிய பிளாக்அடர் என்னும் ஸ்தாபனம் அம்ருத் பீப்பாய்களை வாங்கித் தன் புட்டிகளில் அடைத்து, வடிசாலையின் பெயரை மறைக்காமல் வெளியிட்டது. இந்த ஸ்தாபனத்தின் ‘ரா காஸ்க்’ வரிசையில், சாராயத்தை நுண்ணிய வடிகட்டியில் வடிப்பதில்லை. புட்டியைச் சாய்த்தால், பீப்பாயின் கருகிய உட்சுவரிலிருந்து உதிர்ந்த கரித்துகள்கள் அடியில் நகர்வதைக் காணலாம். கோவாவின் பால் ஜான் வடிசாலையின் மால்ட்டும் லீத் சொஸைட்டியின் பட்டியலில் 134 என்னும் இலக்கத்தோடு ஏறியிருக்கிறது.

இந்தச் சிறப்பில் நம் சீதோஷ்ணத்துக்கும் பங்கு உண்டு. பீப்பாயிலிருந்து வருஷந்தோறும் ஆவியாகிப் போகும் பகுதியைத் தேவதைகளின் பங்கு என்று ஸ்காட்லாந்தார் சொல்வார்கள். அந்தக் குளிர்நாட்டில் அது சுமார் 2 சதவீதம்; ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ள பெங்களூரிலோ 10 முதல் 12 சதவீதம். 100 லிட்டர் நிரப்பினால் எட்டு வருஷத்தில் அங்கே 85 லிட்டர் மிஞ்சும். இங்கே 36 முதல் 43 லிட்டரே மிஞ்சும். ஆனால் அதே வெப்பம் மரத்தின் சாரத்தை விரைந்து இழுத்துவிடுவதால், அங்கே பன்னிரண்டு வருஷம் வேண்டுகிற பக்குவம் இங்கே நாலைந்து வருஷத்தில் கைகூடிவிடுகிறது. இந்த நஷ்டத்தையே ஒரு லட்சணமாக்கி, எட்டு வருஷம் முதிர்ந்த ஒரு சரக்குக்கு ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’, அதாவது பேராசை பிடித்த தேவதைகள், என்று அம்ருத் பெயரிட்டது. தன் ஊரின் வெயிலை மறைக்காமல், அதையே தன் அடையாளமாக முன்வைத்த தைரியம் அது.

இந்தத் தைரியத்தை நம் தோல் தொழிலுக்கும் வேண்டுகிறேன். நமக்குப் பெயர் இல்லாமலும் போய்விடவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட நம் தோல், ‘ஈஸ்ட் இண்டியா’ தோல் என்ற பெயரில் லண்டன் ஏலச் சந்தைகளில் விலைபோனது. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சேனையின் பூட்ஸுகளுக்கு மேல்தோலாக விரும்பி வாங்கப்பட்டது. ஆனால் அது அரைப்பதத்தில் கப்பலேறி, அங்கே மெருகு பெற்று, அங்குள்ளவர் பெயரிலேயே உலகத்துக்குப் போயிற்று. 1972-ல் சீதாராமையா கமிட்டியின் சிபாரிசின்மேல், அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுப்பதத் தோலையும் காலணியையும் இங்கேயே செய்ய சர்க்கார் ஊக்கமளித்தது. ஆம்பூரின் பெரிய காலணித் தொழிற்சாலைகள் வளர்ந்தது அந்த மாறுதலுக்குப் பிறகே. தோல் முழுப்பதம் அடைந்தது. பெயர் மட்டும் இன்னும் அரைப்பதத்திலேயே நிற்கிறது.

சென்னை கிண்டியில் புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருக்கிறது. ஒரு பண்டத்தின் பெயரை அது பிறந்த பிரதேசத்தவரைத் தவிர மற்றவர் பயன்படுத்தலாகாது என்று காக்கும் அந்தப் பதிவேட்டில், ஸ்காட்ச் விஸ்கியும் பதிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டின் ஈஸ்ட் இண்டியா தோலும் பதிவாகியிருக்கிறது. ஸ்காட்லாந்தார் அந்தப் பதிவைக் கையிலெடுத்துக்கொண்டு நம் நியாயஸ்தலங்களில் போலிப் பெயர்களோடு வழக்காடுகிறார்கள். நம்மவரில் எத்தனை பேர், தமக்கும் அப்படி ஒரு பதிவு உண்டென்பதை அறிந்து, அந்தப் பெயரைத் தாங்கள் விற்கும் தோலின்மேல் பொறிக்கிறார்கள்?

பெயர் பொறிப்பது கௌரவம் மட்டுமன்று. அது ஒரு பொறுப்பு. ஊரின் பெயரைப் பண்டத்தின்மேல் எழுதியவன், அந்த ஊரின் தண்ணீருக்கும் ஜாமீன் நிற்கிறான். கிளென்லிவெட் வடிசாலை தன் ஊற்றுகளை நம்பியே நிற்கிறது. அவை கெட்டால் அதன் பெயரும் கெடும். நம் பாலாற்றின் நிலையோ, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்லி, கெடுத்தவரே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை நாட்டுச் சட்டமாக்கும் அளவுக்குச் சீர்குலைந்திருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அதற்குப் பிறகு வலுப்பெற்றது உண்மையே. எனினும் கெட்ட கிணறுகள் அத்தனையும் இன்னும் தெளிந்துவிடவில்லை. தைத்தவரின் ஊர் எவருக்கும் தெரியாத வரையில், அந்த ஊரின் நீர் எப்படியிருந்தாலென்ன என்று வாங்குகிறவரும் கேட்பதில்லை, விற்கிறவரும் கூசுவதில்லை. பெயர் வெளிப்பட்டுவிட்டால் இருவருக்குமே அந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை.

ஆகவே, தீர்வை நீங்கி நம் காலணிகள் பிரிட்டனில் இறங்கும் காலத்தில், அவற்றின் உட்புறத்தில் சிறியதொரு தோல் துண்டைத் தைத்து, பதனிட்ட ஊர், பதனிட்ட முறை, தைத்த தொழிற்சாலை, வருஷம் ஆகிய நான்கையும் அதில் பொறித்தனுப்ப நம் வியாபாரிகள் முன்வர வேண்டும். வாங்கும் பெரிய கம்பெனிகள் அதற்கு உடனே இணங்கமாட்டா. ஸ்காட்லாந்தின் பெரிய கலப்பு வியாபாரிகளும் வடிசாலைகளின் பெயரை வெளியிடத் தாமாக முன்வரவில்லை. அங்கே எல்ஜின் நகரத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் அதைச் செய்தார், உலகம் பின்தொடர்ந்தது. அப்படி ஒரு கடைக்காரர் நம் பிரதேசத்திலும் தோன்றி, பிறர் பதனிட்ட நல்ல தோலைத் தேடி வாங்கி, பதனிட்டவரின் பெயரை முதலிலும் தம் பெயரைக் கடைசியிலும் எழுதி விற்கத் தொடங்குவாரானால், ஆம்பூர் என்ற சொல்லுக்கு லண்டன் கடைத்தெருவில் தனி விலை பிறக்கும். அந்த விலையின் ஒரு பகுதி பாலாற்றுக்கும் வந்து சேரும்.